கட்சாலுக்குப் போகாத இரண்டு மாலுமிகள்

அன்று காலை ஆரம்பாக்கத்தில், ஏரிக்குப் போகும் வண்டிப்பாதை முனையில் இருந்த கடையில், நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். எத்திராஜ் நான்கு வாங்கினான். நான்காவதைப் பாதியாகப் பிட்டு என் இலையில் போட்டு, "துன்னு மச்சான், தீவுல இன்னா கெடைக்குமோ" என்றான். ஆக எனக்கு ஆறரை. படகில் ஏறினால் குடல் புரண்டு வாய்க்கு வரும் என்று தெரிந்தவன் ஆறரை இட்லி சாப்பிட மாட்டான். எனக்குத் தெரிந்திருந்தும் சாப்பிட்டேன். மாலுமி என்று பெயர் வாங்கியவன் படகேறும் முன் இலையை மடித்துவிட்டு எழுந்திருக்க முடியாது.

என் பெயர் கோவர்த்தனன். ஊர் சித்தூர் ஜில்லா புத்தூர். திருப்பதியில் ஒரு மர அறுவை மில்லில் குமாஸ்தா. எத்திராஜ் என் தங்கை தாட்சாயணியின் கணவன். ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம், பழவேற்காடு ஏரியில் இறந்தான். நடந்ததை நடந்தபடி எழுதித் தரும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லப் போனபோது கேட்க மறுத்தவர்கள் நான்கு பேர். அவர்களிடம் பிறகு வருகிறேன். முதலில் இந்த மாலுமி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் அந்தமானுக்குக் கப்பலேறினேன். போர்ட் பிளேரில் ஒரு மரக்கிடங்கில் வேலை. அடுக்கி வைத்த கட்டைகளுக்குக் கறுப்பு மையில் எண் போட வேண்டும். மூன்று வருஷம் போட்டேன். கொப்பரை ஏற்றிவர நிக்கோபார் தீவுகளுக்குப் போகும் பாய்மரப் படகுகள் என் ஜன்னலுக்கு நேராகத்தான் போகும். அவற்றில் ஒன்றில் நானே ஏறியது ஒரே ஒரு தடவை. அபர்தீன் துறையிலிருந்து எதிரே கண்ணுக்குத் தெரிகிற ராஸ் தீவுக்கு, அரை மணி நேரம். போகும்போது வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். வரும்போது எடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் படகின் அடியில் படுத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் ஒருவர் கேட்டார், "தீவுல இன்னா பண்ணே?" என்று. கட்டைக்கு நம்பர் போட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாவதாகக் கேட்டவரிடம் படகு ஓட்டினேன் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு நான் உண்மை சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. புத்தூரிலிருந்து ரேணிகுண்டா போய்த் திருப்பதிக்கு வண்டி மாறுவேன். அந்தப் பயணம் கதை சொல்வதற்கென்றே அமைந்தது. போகும்போது ஒரு தீவு, வரும்போது ஒரு தீவு. மொத்தம் பதினெட்டுத் தீவுகள் சுற்றினேன். அதில் கட்சால் தீவுக் கதை எல்லோருக்கும் பிடித்தது. குடிதண்ணீர் தீர்ந்து, நாக்கு தடித்து, மூன்றாம் நாள் மேகம் கூடியதும் பாயை இறக்கிப் படகின் மேல் தொட்டிபோல் விரித்து, மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்த கதை. அதைச் சொல்லி முடித்ததும் கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் எனக்கு முதலில் நீட்டுவார்கள். நானும் தாகத்தோடு வாங்கிக் குடிப்பேன். அந்த நேரத்தில் உண்மையாகவே தாகம் எடுக்கும். அதை நினைத்தால் இப்போதும் என்னைப் பற்றி எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஐம்பத்தொன்றில் ஒரு சனிக்கிழமை, மில்லில் வேலை செய்கிறவர்கள் எட்டுப் பேருடன் திருமலைக்கு நடந்து போனேன். அலிபிரியில் படியேறத் தொடங்கியதும் கட்சாலைத் தொடங்கினேன். செங்குத்துப் படிகள் முடிகிற காளிகோபுரம் வருவதற்குள் கதையில் மழை பெய்துவிடும், அப்படி ஒரு கணக்கு. பாதி வழியில், எங்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஓர் ஆள், "அன்னிக்குக் காத்து மேக்கால இருந்து அடிச்சிது. நம்பர் சார் மறந்துட்டாரு" என்றான்.

நம்பர் சார் என்று என்னைக் கூப்பிட்ட இடம் உலகத்தில் ஒன்றுதான். திரும்பிப் பார்த்தேன். எத்திராஜ். அதே மரக்கிடங்கில் கட்டைகளை நாடா பிடித்து அளந்தவன். ராஸ் தீவுக்குப் போன அன்று என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தவன்.

என் கால் படியில் நின்றுவிட்டது. எட்டுப் பேரும் அவனைப் பார்த்தார்கள். "நீங்க யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"நானும் அந்தப் படகுலதான் இருந்தன்" என்றான் எத்திராஜ். "இவுரு மட்டும் பாயை எறக்கச் சொல்லலன்னா இன்னிக்கி நான் மொட்ட போட வந்திருக்க மாட்டன். எனக்குக் கருமாதி பண்ணி எங்க ஊட்ல மொட்ட போட்டிருப்பாங்க."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலே போய்ச் சேரும்வரை அவன்தான் பேசினான். அவன் சொன்ன மழை என் மழையைவிட நன்றாக இருந்தது. பாயில் விழுந்த முதல் துளியில் உப்பு கரித்தது, பாய் உப்பேறிப் போயிருந்ததால் முதல் தண்ணீரை உதறிக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீரைத்தான் குடித்தோம் என்றான். இரண்டு வருஷமாகச் சொல்லியும் எனக்கு இது தோன்றவில்லை.

அவனுக்கு வேலை இல்லை. எங்கள் மில்லில் சேர்த்துவிட்டேன். என்னோடு புத்தூரில் தங்கினான். அடுத்த வருஷம் தாட்சாயணியைக் கட்டிக்கொண்டான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். இதை நான் ஏன் செய்தேன் என்று கேட்டால், என் பொய்யைக் காப்பாற்றியவனை வெளியே விட்டு வைக்கக் கூடாது என்பதற்காக என்று சொல்லலாம். அது பாதிதான். அவன் வந்த பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுவும் ஒரு காரணம்.

ஒரு விஷயத்தை நீங்கள் நம்ப வேண்டும். அந்த நான்கு வருஷத்தில், நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோதுகூட, ஒரு நாளும் ஒருவரிடம் ஒருவர் உண்மையை ஒத்துக்கொண்டதில்லை. கிணற்றடியில் பல் துலக்கும்போது, "கமோர்ட்டாவுல தண்ணி இதவிட இனிப்பு, இல்ல மச்சான்?" என்பான். "இருக்காதா மாப்ளே" என்பேன். கேட்க யாரும் இல்லாத இடத்தில், கமோர்ட்டா தீவைக் கண்ணால் பார்க்காத இரண்டு பேர் அதன் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அது ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் கதை நகர்ந்துகொண்டே இருந்தது. முதலில் நான் அவனைக் காப்பாற்றினேன். பிறகு இருவரும் சேர்ந்து பாயை இறக்கினோம். ஐம்பத்து மூன்றில் ஆந்திர ராஜ்யம் பிரிந்து வந்தபோது, ரயிலில் எல்லோரும் புத்தூர் எந்தப் பக்கம் போகும், நகரி எந்தப் பக்கம் போகும் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், எத்திராஜ் சுக்கானுக்கு வந்துவிட்டான். நான் கயிறு பிடித்தேன். ஐம்பத்தைந்து தீபாவளி சமயம், நான் கொஞ்சம் தாமதமாக வண்டி ஏறி, கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன். அவன் கதையில் மழைக்கு வந்திருந்தான். "எங்க மச்சான் பாவம், படகோட அடியில படுத்துக்கினு வாந்தி எடுத்துக்கினு இருக்காரு" என்றான். வண்டி முழுக்கச் சிரித்தது. கதையில் அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைப் பொய் என்று நான் எப்படி மறுப்பது? கூஜாத் தண்ணீரை அவனிடம் நீட்டினார்கள். குடித்துவிட்டு, என்னைப் பார்த்ததும், மீதியை என்னிடம் கொடுத்தான்.

அன்று அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இந்த வாக்குமூலம் ஒழுங்காக இருந்திருக்கும். அன்று எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

புத்தூரில் உரக்கடை வைத்திருந்த செங்கல்வராயன் அப்போது எல்லைக் குழுவில் செயலாளர். தமிழர் இருக்கும் ஊர்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராக மனு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ அவருக்குப் பழவேற்காடு ஏரியின் நடுவே உள்ள இருக்கம் என்ற தீவில் தமிழ்க் குடும்பங்கள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நெல்லூர் ஜில்லாவில் கிடந்த அந்தத் தீவுக்கு எங்கள் ஊரிலிருந்து யாரும் போனதில்லை. கைநாட்டு வாங்கிவர ஆள் வேண்டும்.

"தீவு தீவா போய் வாங்கணும். பதினெட்டு தீவு சுத்துன ஆளை ஊர்ல வெச்சிக்கினு நான் யாரைத் தேடறது?" என்றார் செங்கல்வராயன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவர் எத்திராஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீயும் தொணைக்குப் போயேன் கோவர்த்தனா" என்றார்.

முதல் நாள் சத்தியவேட்டில் தங்கி, காலையில் ஆரம்பாக்கம் வந்து, நான் சொன்ன இட்லியைச் சாப்பிட்டோம். மாலுமி என்பதற்காக நான் காக்கி அரை டிராயர் போட்டிருந்தேன். நாற்பது வயதில் அந்த டிராயரில் நான் எப்படி இருந்தேன் என்பதைத் தாட்சாயணி நிலைக்கண்ணாடி இல்லாமலே எனக்குச் சொல்லியிருந்தாள். எத்திராஜ் மேடைக்குப் போகிறவன் மாதிரி எட்டு முழ வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தான். அவன் தோளில் ஒரு துணிப்பை. உள்ளே மனுத் தாள்களும் கைநாட்டுக்கான மைப்பெட்டியும்.

கரையில் துலுக்காணம் என்ற மீனவரின் படகு சும்மா நின்றது. அந்த ஏரியில் மீன் பிடிக்க முறை வைத்திருக்கிறார்கள். இன்ன ஊர்க்காரர் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை விடலாம் என்று பெரியவர்கள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அன்று துலுக்காணத்துக்குப் பாடு இல்லை. அதனால் படகும் இருந்தது, துலுக்காணமும் இருந்தார்.

"நானே இட்டுக்கினு போறன் நைனா. இந்த ஏரிக் காத்து ஒரு மாதிரி" என்றார்.

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். எத்திராஜும் வாயெடுத்தான் என்று நினைக்கிறேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் முந்திக்கொண்டான். "இவுரு யாருன்னு தெரியுமா? நிக்கோபார்ல பதினெட்டு தீவு சுத்துனவரு." உடனே நானும், "இவன் சுக்கான் புடிச்சா கண்ண மூடிக்கினு தூங்கலாம்" என்றேன். இரண்டு பேருக்கும் படகு ஓட்டத் தெரியாது. மற்றவனுக்குத் தெரியாது என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். துலுக்காணம் ஒருவர்தான் அங்கே படகு ஓட்டத் தெரிந்தவர். அவரை நாங்கள் இருவரும் சேர்ந்து கரையில் நிறுத்திவிட்டோம்.

"அப்ப சரி, பெரிய தண்ணி பாத்தவங்க. தண்ணி எங்க எவ்ளோன்னு மட்டும் சொல்லிட்றன்" என்று அவர் தொடங்கினார்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றேன் நான். ஆழம் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று எண்ணினேன். உண்மையான மாலுமி முதலில் கேட்பது அதைத்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. துலுக்காணமே பாயை ஏற்றி, திசை காட்டி, தள்ளிவிட்டார். காற்று பின்னாலிருந்து வந்தது. படகு தானாகவே போயிற்று. ஏரியில் அலை இல்லாததால் வாந்தியும் வரவில்லை. தூரத்தில் திட்டு திட்டாக நாரைகள் நின்றன. எத்திராஜ் சுக்கானைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். என் வாழ்க்கையில் நான் தீவுக்குப் பாய்மரம் விரித்துப் போனது அந்த ஒரு மணி நேரம்தான். நன்றாகவே இருந்தது. இதை மறைப்பது நியாயமில்லை.

இருக்கம் தீவில் ஒரு வேப்பமரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. எத்திராஜ் பேசினான். எல்லையைப் பற்றிக் கொஞ்சம், கட்சாலைப் பற்றி நிறைய. பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். செல்லியம்மா என்று ஒரு வயதான பெண், கட்டைவிரலை மையில் ஒற்றிக்கொண்டே, "நாங்க சென்னப்பட்டணம் போனா இன்னா, கர்நூல் போனா இன்னா, இந்த ஆளு அடிக்கடி வந்து கதை சொல்வாரா?" என்று கேட்டாள். கர்நூல் அப்போது ஆந்திராவின் தலைநகரம். நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு கிடைத்தது. நான் தாள்களை உலர வைத்து அடுக்கினேன். வரிசைப்படி எண் போட்டேன். பழக்கம்.

அங்கிருந்து வடக்கே இன்னொரு திட்டில் பத்து வீடுகள் இருப்பதாகச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிந்தது. கிளம்பினோம். இந்தத் தடவை காற்று பக்கவாட்டில் வந்தது. பாயின் கீழ் முனையில் ஒரு கயிறு இருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் இருக்கும். அதைப் பிடித்திருந்த எத்திராஜின் கையை அது அறுத்தது. "கட்டிடட்டா மச்சான்?" என்று கேட்டான். "கட்டு" என்றேன். படகு ஓட்டுகிறவர்கள் அதைக் கட்ட மாட்டார்கள், காற்று எகிறினால் விட்டுவிடுவதற்காகக் கையிலேயே வைத்திருப்பார்கள். அவன் மூன்று முடிச்சுப் போட்டான்.

பாதித் தூரத்தில் அவன், "மச்சான், ஒண்ணு சொல்றன், கோவிச்சுக்காத" என்றான்.

"சொல்லு."

"எனக்குப் படகு ஓட்டத் தெரியாது."

நான்கு வருஷமாகக் காத்த மரியாதையை அவன் ஏரியின் நடுவில் வைத்து உடைக்கிறான் என்று மட்டும் தோன்றியது.

"அந்தக் கெழவி இன்னா நம்பிக்கையா கை வெச்சா பாத்தியா? நான் அளந்த கதைக்குத்தான் வெச்சா. எனக்கு ஒரு மாதிரியா ஆயிப்போச்சு. நாயித்துக்கெழமை நகரி மீட்டிங்ல என்ன மேடையேத்தப் போறாரு செங்கல்வராயன். அங்கேயே சொல்லிடப் போறன். நான் கட்டை அளந்தவன், கட்சாலைக் கண்ணால பாத்ததில்ல, ஆனா இந்தக் கைநாட்டு நெசம், அப்டின்னு."

"தாட்சாயணிக்குத் தெரியுமா?"

"நேத்தே சொல்லிட்டன். வயிறு வலிக்கச் சிரிச்சா. அப்புறம், இப்பதான் நீ மனுசன்னு சொன்னா."

"என்னப் பத்தி?"

"உன்னப் பத்தி நான் எதுக்குச் சொல்றன்? அது நீ சொல்லணும். இஷ்டம் இருந்தா நீயும் மேடைக்கு வா. ரெண்டு பேரும் சேந்து சொல்லலாம். ஜனம் சிரிக்கும். சிரிச்சிட்டுப் போவட்டுமே."

நன்றாக யோசித்துப் பாருங்கள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு மேடையில் பாதி இடமும் தருகிறான். ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் சொல்கிறவன் அவன். எல்லோரும் கை தட்டுவார்கள், எப்பேர்ப்பட்ட நேர்மை என்பார்கள். அடுத்து நான் எழுந்து நின்றால் அது வெறும் 'நானும்தான்'. எழுந்து நிற்காவிட்டால் ஊரில் மிச்சம் இருக்கும் பொய்யன் நான் ஒருவன். என் பொய்யை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு அதில் என்னைவிட நன்றாக வாழ்ந்தான். இப்போது உண்மையையும் அவனே முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறான். எனக்கென்று எதை விட்டுவைக்கப் போகிறான் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் காற்று எகிறியது.

படகைக் கவிழ்த்தது காற்று. அதுவரை நான் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

தண்ணீருக்குள் போனேன். வாயிலும் மூக்கிலும் சேறு. எனக்கும் நீச்சல் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கையையும் காலையும் போட்டு அடித்தேன். கால் எதிலோ பட்டது. மெத்தென்று இருந்தது. இரண்டு காலையும் ஊன்றினேன். நின்றேன்.

தண்ணீர் என் மார்புவரைதான் இருந்தது.

ஏரியின் நடுவில், கரை நூல்மாதிரி தெரியும் இடத்தில், நான் மாட்டுக்குளத்தில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன். பத்தடி தள்ளி எத்திராஜ். படகில் உட்காருவதற்குப் போட்டிருந்த பலகை ஒன்று கழன்று மிதந்தது. அதை ஒரு கையால் பற்றியிருந்தான். எட்டு முழ வேட்டி அவிழ்ந்து இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. காலைக் கீழே விடவே அவனுக்குத் தோன்றவில்லை. மல்லாந்து கிடந்து உதைத்துக்கொண்டிருந்தான். முகத்தை மறுபக்கம் வைத்திருந்ததால் நான் நிற்பதைப் பார்க்கவில்லை.

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. நில்லு மாப்ளே என்று சொன்னால் போதும். அல்லது ஒன்றுமே சொல்லாமல் நின்றபடி இருந்தாலே போதும், திரும்பினால் பார்த்துவிடுவான்.

அவன் திரும்பப் போகிறான் என்று தெரிந்தது. நான் முழங்காலை மடக்கினேன்.

தண்ணீர் என் தாடைக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் மடக்கினேன். உதட்டுக்கு வந்தது. இரண்டு கைகளையும் மேலே தூக்கி அடித்தேன். தலையை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, இருமினேன். மூழ்குகிறவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். பதினெட்டுத் தீவுகளில் எத்தனையோ பேரை மூழ்க விட்டிருக்கிறேன், ரயிலில் அதை நடித்தும் காட்டியிருக்கிறேன். ஆனால் இவ்வளவு நன்றாக ஒருநாளும் செய்ததில்லை. பார்ப்பதற்கு அவன் ஒருவன்தான் இருந்தான். எத்தனை சின்னக் கூட்டமாக இருந்தாலும் நான் குறை வைக்கிறவன் இல்லை.

அவன் என்னைப் பார்த்தான். பயந்துவிட்டான். எனக்காக.

"மச்சான், புடிச்சிக்கோ" என்று சொல்லி, கையிலிருந்த பலகையை என் பக்கம் தள்ளிவிட்டான்.

பலகை நேராக வந்து என் நெஞ்சில் இடித்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புத்தூரிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு புயலைச் சொல்லி முடித்துவிடுவேன், அதைவிடக் குறைவுதான். அவன் இரண்டு தடவை மேலே வந்தான். நான் முழங்காலை நிமிர்த்தவில்லை. அவன் வராமல் போன பிறகும் நிமிர்த்தவில்லை. யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று, கால் மரத்துப்போய், பலகையைக் கட்டிக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன். கவிழ்ந்த படகைக் கண்டு மீனவர்கள் கழி ஊன்றி வந்தார்கள். அதில் ஒருவர் படகிலிருந்து இறங்கி, மார்பளவு தண்ணீரில் நின்று, என்னைக் குழந்தைபோல் தூக்கினார்.

"அய்யோ, எழுந்து நின்னிருந்தாலே போதுமே சாமி" என்றார்.

நான் அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை.

துலுக்காணம் போலீஸில் சொன்னது இது: "பெரிய தண்ணி பாத்தவங்க நைனா. எந்தத் தண்ணியும் ஆழமாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டாங்க." அதோடு விசாரணை முடிந்தது.

ஊரில் நடந்தது வேறு. எத்திராஜின் உடலோடு திரும்பிய நான்கு நாட்களில் ஊர்ப் பேச்சில் ஏரியின் ஆழம் இரண்டு பனைமரம் ஆகிவிட்டது. நான் மூன்று முறை மூழ்கித் தேடி அவனைக் கண்டெடுத்தேன். செங்கல்வராயன் நகரிக் கூட்டத்தில் எத்திராஜின் படத்துக்கு மாலை போட்டு, எல்லைக்காக உயிர் கொடுத்தவன் என்றார். என்னை மேடையில் நிறுத்தி, நடந்ததைச் சொல்லச் சொன்னார். நான் மைக்கின் முன்னால் நின்றேன். ஜனங்கள் அழுதுகொண்டிருந்தார்கள். சொன்னேன். மூன்று முறை மூழ்கியதை நான்காக்கினேன்.

ஒரு வருஷம் பொறுத்தேன். பிறகு ஏரிக்கு வடக்கே உள்ள ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் கொன்றேன் என்றேன். அந்த அதிகாரி தெலுங்கில் பொறுமையாகக் கேட்டார்: எப்படிக் கொன்றாய்? முழங்காலை மடக்கினேன் என்றேன். அவர் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்து, உடல் ஒதுங்கியது தென்கரை, அங்கே போ என்றார். தென்கரையில் இருந்தவர், படகு கவிழ்ந்தது நெல்லூர் ஜில்லா, எல்லை விஷயம் தீரட்டும், அப்புறம் வா என்றார். எல்லோரும் எல்லைக்காகக் காத்திருந்த வருஷங்கள் அவை. என் குற்றமும் காத்திருந்தது. செங்கல்வராயனிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "துக்கத்துல பெனாத்தாதே கோவர்த்தனா" என்றார்.

இந்த வருஷம் எல்லை தீர்ந்தது. திருத்தணி சென்னைக்குப் போயிற்று, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. நகரியும் புத்தூரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இருக்கமும் நெல்லூரிலேயே இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டும் தண்ணீரில் ஊறி மை கலைந்து போனதால் அனுப்பவே இல்லை. இனி சாக்கு இல்லை என்று, போன மாதம் தாட்சாயணியிடம் சொன்னேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முழுக்கச் சொன்னேன். கட்சால் பொய் என்பதிலிருந்து, பலகைவரை. முடித்ததும் சாதத்தை வடித்தாள். கஞ்சி முழுக்க இறங்கும்வரை பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, அவுரு சொல்லுவாரு, உனக்கு எல்லாக் கதையிலயும் நடுவுல நிக்கணும்னு" என்றாள். "அவுரு சாவுலயுமா?"

பிறகு எனக்குச் சோறு போட்டாள். தினமும் போடுகிறாள். நான் சாப்பிடுகிறேன்.

அதனால்தான் எழுதுகிறேன். அவள் சொன்னது சரியில்லை என்று காட்டுவதற்காக. இதில் நான் நடுவில் நிற்க ஆசைப்படவில்லை. இதை முதலில் சொன்னவன் நான் என்பதை மட்டும் யாரும் மறந்துவிடக் கூடாது. எத்திராஜை நான் கொன்றேன். அலை இல்லை, சுழல் இல்லை, இரண்டு பனைமர ஆழமும் இல்லை. என் மார்பளவு தண்ணீர். அவன் என்னைவிட நான்கு விரற்கடை உயரம்.